அண்ணன் வண்டிக்கு வேறொரு என்ஜின்

எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், தகரம் போட்ட ஒரு சாய்ப்பின் கீழே, என்ஜின் இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று பல வருஷங்கள் நின்றது. நின்றது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். சக்கரங்களில் காற்று இல்லை. சீட்டில் கோழி முட்டையிட்டது. என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வேலி தெரியும். காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது பழகிப்போன காட்சி. யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

அது என் அண்ணனுடைய வண்டி. அண்ணன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வரவில்லை.

அண்ணன் ஐஸ் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பார்த்தார். போருக்கு முன்னால் சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரை, ஓடாது என்று கைவிட்டுப் போன வண்டியைத் தட்டிக் கொட்டி ஓட வைத்தார். ஒருமுறை தெங்கேரா ரோட்டில் கல் அடித்து என்ஜினின் அடிக்கூடு வெடித்துவிட்டது. ஒட்டுப் போட நல்ல தகடு கிடைக்கவில்லை என்று, அண்ணி சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வெட்டிவிட்டார். அண்ணி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சிட்டிக் குடும்பமே வேலியோரம் வந்து நின்றது. பல தலைமுறையாக மலாய் பேசுகிற இந்துக்கள் அவர்கள், தமிழ் தெரியாது. ஆனால் வெட்டிய தாம்பாளத்தைப் பார்த்தால் விஷயம் புரியாதா?

தாம்பாளத்தின் ஓரத்தில் கொடியும் இலையுமாக ஒரு வேலைப்பாடு உண்டு. ஒட்டுப் போட்ட துண்டில் அந்த இலைகளும் வந்துவிட்டன. "பொண்டாட்டி சீரை வயித்துல கட்டிக்கிட்டு ஓடுது பாரு" என்று அண்ணன் எல்லோரிடமும் காட்டிச் சிரிப்பார். அவருக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான். அதைப் பெரிய குணமாகச் சொல்வார்கள். எனக்கு அப்போதே அந்தச் சிரிப்பு கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஜப்பான்காரன் வந்தான். ஓடுகிற வண்டியெல்லாம் அவனுக்கு என்று ஆயிற்று. ஓடாததை அவன் தொட மாட்டான். அதனால் ஊரில் பலரும் செய்த காரியத்தை அண்ணனும் செய்தார். என்ஜினைத் தனியாகக் கழற்றி, கிரீஸ் தடவி, ரப்பர் ஷீட்டில் சுற்றி எங்கோ ஒளித்துவிட்டு, வெறும் கூட்டை மட்டும் வீட்டில் விட்டுவைத்தார். எங்கே ஒளித்தார் என்று அண்ணிக்குக்கூடச் சொல்லவில்லை.

"உன்ன அடிச்சாலும் தெரியாதத நீ சொல்ல முடியாதுல்ல? எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அன்றைக்கு அது புத்திசாலித்தனமான பேச்சாகத்தான் பட்டது. கொஞ்ச நாளில் ஐஸ் தொழிற்சாலையிலிருந்து நேராக அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு சட்டை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. அண்ணி சோறு வடித்து வைத்திருந்தாள். அந்தச் சோற்றை நான்தான் சாப்பிட்டேன். பசிக்காலம், வீணாக்க முடியாது.

போர் முடிந்ததும் சயாமிலிருந்து ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். ஆட்கள் என்றால் எலும்பும் தோலுமாக, கண் மட்டும் பெரிசாக. அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கேம்பில் அண்ணனைப் பார்த்ததாகச் சொன்னார். காலில் புண், ஆனாலும் நடமாடிக்கொண்டிருந்தான், பிழைத்துவிடுவான் என்றார். அதுதான் கடைசிச் செய்தி. அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி யாரும் எதுவும் கொண்டுவரவில்லை.

என்ஜினை நான் தேடாத இடம் கிடையாது. வீட்டைச் சுற்றி வாழைக்கு அடியில், கக்கூசுக்குப் பின்னால், பலகைத் தளத்துக்குக் கீழே எல்லாம் தோண்டினேன். ஒரே ஒரு இடத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை. எங்கள் வரிசைக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவில் ஒரு பாழுங்கிணறு இருந்தது. தண்ணீர் வற்றிப்போனது. நான் பிறப்பதற்கு முன்னால் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அதில் விழுந்து செத்தாளாம். அன்றிலிருந்து கிணற்றின் வாயைப் பலகையால் மூடி, பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றினார்கள். எங்கள் ஆட்களும் ஏற்றுவார்கள், சிட்டிக் குடும்பத்தாரும் ஏற்றுவார்கள். அந்தப் பலகையைத் தொடுகிற தைரியம் ஊரில் யாருக்கும் இல்லை. சாமிக்கும் பேய்க்கும் பயப்படாத ஒரே ஆள் என் அண்ணன்தான். அது எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

அண்ணியும் அந்தக் கல்லுக்குத்தான் வெள்ளி தவறாமல் விளக்கேற்றினாள். அண்ணன் திரும்பி வர வேண்டும் என்பது வேண்டுதல். நெற்றி நிறையப் பொட்டு, கழுத்தில் தாலி, தலையில் பூ. அண்டை வீட்டுக்காரர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். பிள்ளை கிடையாது. எனக்குச் சோறு போட்டு வளர்த்தவளும் அவள்தான். பிறகு நான் பஸ் கம்பெனிப் பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்த பின்னால், நான் அவளுக்குச் சோறு போட்டேன்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் பெரியப்பா கணக்கெடுத்துக்கொண்டு வந்து நின்றார். காணாமல் போன மனுஷனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பது எங்கள் வழக்கம். அதற்கும் தகவல் இல்லை என்றால் செத்தவனாகக் கொண்டு, தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி ஓர் உருவம் கட்டி, அதைச் சுடுகாட்டில் எரித்து, கருமாதி செய்துவிடுவார்கள். மனைவி தாலியைக் கழற்றிவிட வேண்டும். கடைசிச் செய்தி வந்த நாளிலிருந்து பெரியப்பா எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"காரியம் பண்ணாம விட்டா அவன் ஆவி அலையும். இவனுக்கும் ஒரு கல்யாணம் காட்சி நடக்காது" என்று என்னைக் காட்டினார். "நாட்டுக்கே விடிஞ்சிருச்சு. இந்த வீட்டுல மட்டும் ஏம்மா இருட்ட வச்சிக்கிட்டு இருக்க?"

ரோட்டில் தோரணம் கட்டியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் புதுக் கொடியைக் குச்சியில் கட்டிக்கொண்டு "மெர்டேக்கா", சுதந்திரம், என்று மலாயில் கத்திக்கொண்டு ஓடினார்கள். அண்ணி தையல் மெஷினில் அதே கொடிகளைத்தான் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதை நிறுத்தாமலேயே பதில் சொன்னாள்.

"அவரு வச்சிட்டுப் போன வண்டி வெறுங்கூடா நிக்குது. மொதல்ல அத அவரு ஓட்டுன மாதிரி ஓட வைங்க. ஆளு வந்து கேட்டா நான் என்னா சொல்றது? வண்டி ஓடட்டும். அப்பறம் நீங்க சொல்றபடி கேக்குறேன்."

பெரியப்பாவுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. வீட்டிலேயே ஒரு மெக்கானிக் இருக்கிறானே. "ஓட வைடா" என்றார்.

செங் என்ற ஊருக்குப் போகிற வழியில் ஒரு சீனர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்கள் அங்கே மலையாகக் கிடக்கும். அதிலிருந்து ஒரு பட்டாளத்து மோட்டார் சைக்கிளின் என்ஜினைப் பிடித்தேன். அண்ணன் வண்டியின் என்ஜின் ஒல்லியாக உயரமாக இருக்கும். இது குட்டையாகக் குண்டாக, யாருக்கும் வளைந்து கொடுக்காத தினுசில் இருந்தது. இதை அந்த ஃபிரேமுக்குள் உட்கார வைப்பதற்குள் என் முதுகெலும்பு கழன்றுவிட்டது.

முதலில், போல்ட்டு ஓட்டை ஒன்றுகூட ஒன்றோடொன்று சேரவில்லை. பட்டறையில் கனத்த இரும்புத் தகட்டை வெட்டி, இரண்டு பக்கமும் தாங்கும்படி புதுக் காதுகள் செய்தேன். அவற்றை ஃபிரேமில் மாட்டினால் என்ஜின் வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. கழற்றி, அராவி, மறுபடி மாட்டினால் கார்பரேட்டர் டேங்கை முட்டியது. டேங்கை உயர்த்தினேன். உயர்த்தியதும் ஹேண்டில் திரும்பவில்லை. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கோணிக்கொள்ளும். மாமியார் மருமகள் சண்டையைத் தீர்த்து வைக்கலாம், இதைத் தீர்க்க முடியாது என்று பட்டறையில் கிண்டல் செய்தார்கள்.

எல்லாவற்றையும்விட மோசம் செயின். என்ஜினின் பல்சக்கரமும் பின் சக்கரத்தின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லை. ஒரு விரல் அகலம் விலகல். தகட்டை வளையம் வளையமாக வெட்டி நடுவில் திணித்து ஓரளவு நேராக்கினேன். அப்படியும் வேகம் பிடித்தால் செயின் துள்ளி விழும். அது விழும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பட்டென்று ஒரு அறை, பிறகு என்ஜின் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டு சுற்றும், வண்டி மெல்ல நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி உயிர் பிடித்தது. மொத்தத் தெருவும் கூடிவிட்டது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே உதைத்துக் கிளப்பியவர் போல நின்றார். அண்ணி வாசலுக்கு வந்தாள். நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். என்ஜின் கட்டைக் குரலில் இருமிக்கொண்டு ஓடியது.

"இது அவரு வண்டி இல்ல" என்றாள்.

"ஏம்மா, கண்ணு முன்னால நிக்குது!" என்றார் பெரியப்பா.

"கூடு அவருது. உள்ள இருக்கறது எவனோ பட்டாளத்துக்காரனோடது. அவரு வண்டி இப்படிப் பேசாது. அந்த என்ஜின் வரட்டும், பாக்கலாம்."

பெரியப்பா மறுபடி வாய் திறந்தார். அதற்குள் அவள் உள்ளே போய் மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அண்ணன் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த இடத்தில் இருக்கிறது அந்த என்ஜின். அவர் வராமல் அது வராது. அது வராமல் வண்டி முழுசாகாது. வண்டி முழுசாகாமல் அவள் கழுத்துத் தாலியை யாரும் தொட முடியாது. படிக்காதவள் என்று ஊர் சொல்லும் என் அண்ணி போட்ட கணக்கு அது. எனக்கு அது பிடித்திருந்தது. பெரியப்பா தோற்றுப்போனதில் உள்ளுக்குள் சந்தோஷம்கூட.

ஆகவே வண்டி அண்ணனுடையதாக ஆகாமல், என்னுடையதாக ஆயிற்று. வேலைக்கு அதில்தான் போனேன். ரோட்டுத் தடுப்புகளில் போலீஸ்காரர்கள் நிறுத்துவார்கள். ஃபிரேமில் ஒரு நம்பர், என்ஜினில் ஒரு நம்பர். "எது உன் வண்டி?" என்று கேட்பார்கள். "ரெண்டும் இல்ல துவான்" என்பேன். சிலர் சிரித்துவிட்டு விடுவார்கள், சிலர் வெயிலில் நிற்க வைத்துவிட்டு விடுவார்கள்.

செயின் தொல்லையோடு மேக்னெட்டோவும் சேர்ந்துகொண்டது. மழை பெய்தால் தீப்பொறி வராது, வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பழைய மேக்னெட்டோ ஒன்று கிடைக்குமா என்று தெங்கேராவில் ஒரு சீனர் பட்டறையில் விசாரித்தேன். கடற்கரையில் ஒரு மலாய் மீனவர் மோட்டார் சைக்கிள் என்ஜின் வைத்திருக்கிறார், அதைக் கொண்டு படகை இழுக்கிறார், போய்க் கேட்டுப் பார் என்றார்கள்.

போனேன். அங்கே கரை முழுக்கச் சேறு. தண்ணீர் வடிந்தால் படகை மேலே இழுப்பது பெரும்பாடு. அந்த மீனவர் கனத்த மரச்சட்டத்தில் ஓர் என்ஜினைப் பூட்டி, அதோடு ஓர் உருளையை இணைத்து, உருளையில் கயிற்றைச் சுற்றிப் படகை இழுத்துக்கொண்டிருந்தார். தூரத்திலேயே அதன் சத்தம் காதில் விழுந்தது. நான் பையனாக இருந்தபோது தெருமுனையில் கேட்ட உடனேயே கதவைத் திறக்க ஓடுவேனே, அதே சத்தம். கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். அடிக்கூட்டில் பித்தளை ஒட்டு. உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்தது. கட்டை விரலால் தேய்த்தேன். கொடியும் இலையும் தெரிந்தன.

"எங்கே கிடைத்தது பாக்சிக்?" என்று, பெரியவர்களைக் கூப்பிடுகிற முறையில், மலாயில் கேட்டேன்.

"ஒரு தமிழன் கொடுத்தான். ஜப்பான்காரன் போன பிறகு."

எவனோ திருடன் தோண்டி எடுத்துத் தள்ளிவிட்டான் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். மேலே ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. என்ஜின் கிடைத்துவிட்டது, அண்ணியிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் மண்டையில். வீடு வந்து சேர்வதற்குள் செயின் வழியிலேயே கழன்று விழுந்தது. மாட்டிக்கொண்டு வந்தேன்.

அண்ணி கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். வெளியே வந்தபோது கல்யாணம் காட்சிக்கு மட்டும் உடுத்துகிற பச்சைப் பட்டைக் கட்டியிருந்தாள். புதிதாகப் பொட்டு வைத்திருந்தாள். என்ஜினைப் பார்க்கவா இப்படி என்று கேலி செய்ய வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். வண்டியில் என் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

கரைக்குப் போனதும் அவள் என்ஜினுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தப் பித்தளைத் துண்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடு இன்னும் ஆறியிருக்காது. கையை எடுக்கவில்லை. பிறகு மீனவரை நிமிர்ந்து பார்த்து, அவளுக்குத் தெரிந்த சந்தை மலாயில் கேட்டாள். கொடுத்த ஆள் எப்படி இருந்தான்?

மீனவர் வயசாளி, நல்ல மனுஷர். ஒளிக்க அவரிடம் ஒன்றும் இல்லை. வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னார். மெலிந்துபோன ஆள். காலை இழுத்து இழுத்து நடந்தான். சயாமிலிருந்து வந்தவன் என்று பார்த்தாலே தெரியும். சுமத்ராவுக்குப் போக வேண்டும், படகில் ஏற்றிக்கொண்டு போனால் ஓர் என்ஜின் தருகிறேன் என்றான். எங்கே என்ஜின் என்றேன். காஜா பெராங்கில் ஒரு கிணற்றில் இருக்கிறது என்றான். மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு கூடப் போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தென்னைமரங்களுக்கு நடுவில் ஒரு பாழுங்கிணறு, பக்கத்தில் சிவப்புப் பொடி பூசிய கல். எனக்குப் பயம். அவன் பயப்படவில்லை. உள்ளே இறங்கிக் கயிற்றைக் கட்டினான், நான் மாட்டை விட்டு இழுத்தேன்.

நான் அண்ணியைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பலகையை மூடிவிட்டு வண்டியை மரத்துக்குப் பின்னால் நிறுத்தினோம்" என்றார் மீனவர். "கிளம்பலாம் என்றேன். இரு என்றான். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு கல்லுக்கு விளக்கேற்ற வந்தாள். காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை. அவள் ஏற்றி முடிக்கும் வரை அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். உன் குடும்பமா என்று கேட்டேன். 'ஓராங் கெனால் சாஜா' என்றான்."

தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

"பிறகு, தாகமாக இருக்கிறது, அவளிடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு வா என்றான். நீயே போய்க் கேளேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டான். நான் போய்க் கேட்டேன். அவளுக்கும் சிரிப்பு வந்திருக்கும், கொட்டுகிற மழையில் ஒருவன் தண்ணீர் கேட்கிறானே என்று. ஆனாலும் வீட்டுக்குள் போய்ச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள்."

"சாப்பிடவும் ஏதாவது வேணுமான்னு கேட்டேன்" என்றாள் அண்ணி.

மீனவரின் கை வலையிலேயே நின்றுவிட்டது.

"நான்தான் பாக்சிக் அது."

அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அண்ணி இரண்டு கேள்வி கேட்டாள். கூட வேறு யாராவது இருந்தார்களா, ஒரு பெண்ணாவது? இல்லை, தனியாகத்தான் போனான், சுமத்ராவை ஒட்டிய பெங்காலிஸ் பக்கம் இறக்கிவிட்டேன் என்றார். தண்ணீரை என்ன செய்தார்? குடித்தான், முழுவதையும். செம்பை மழையில் கழுவி என்னிடம் கொடுத்தான்.

மீனவருக்கு மனசு தாங்கவில்லை. என்ஜினை எடுத்துக்கொண்டு போங்கள், எனக்கு எதுவும் வேண்டாம் என்றார். அண்ணி வேண்டாம் என்று கையசைத்தாள்.

"அது பாட்டுக்குப் படகை இழுக்கட்டும் தம்பி. வா போவோம்."

திரும்பும்போது வழியெல்லாம் என் உள்ளே கொதித்தது. சயாமிலிருந்து வந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் பட்டதை நான் படவில்லை, பேச எனக்கு யோக்கியதை இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் கோபம் கோபம்தான், இன்றைக்கும் அடங்கவில்லை. கூப்பிடு தூரத்தில் நின்றிருக்கிறார். அவர் உயிரோடு வர வேண்டும் என்று ஒருத்தி மழையில் விளக்கை ஏற்றுகிறாள், அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். என்ஜினை எடுத்துக்கொள்ளத்தான் தெரிந்தது அவருக்கு.

வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும் அண்ணி இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பொம்பள யாராச்சும் கூட இருந்திருந்தா தேவல" என்றாள். "அவளுக்காகப் போனாருன்னு இருந்திருக்கும்."

அன்று மாலை பெரியப்பா வீட்டுக்கு அவளே நடந்து போய், காரியம் செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். பெரியப்பாவுக்கு ஒரே பூரிப்பு. தன் பேச்சு கடைசியில் எடுபட்டது என்று கோவில் வாசலில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. சமையல்கட்டில் அவள் தனியாக இருந்தபோது கேட்டேன்.

"அண்ணி, உயிரோட இருக்கற மனுஷனுக்கா காரியம் பண்றது? நான் பெங்காலிஸ் போய்த் தேடிட்டு வரவா?"

"உயிரோட இருக்கறவன் தண்ணி வேணும்னா வாசலுக்கு வந்து கேப்பான்" என்றாள். அடுப்பை ஊதினாள். "போகாத. போனா கெடைச்சிருவாரு."

தர்ப்பையில் ஆள் கட்டினார்கள். தலைக்கு ஒரு தேங்காய் வைத்தார்கள். கை, கால் எல்லாம் புல்தான். அண்ணனுடைய வேட்டி ஒன்றை அதற்குச் சுற்றினார்கள். அவர் எடுத்துக்கொண்டு போக முடியாமல் விட்டுப்போன வேட்டி. சுடுகாட்டில் நான்தான் கொள்ளி வைத்தேன். புல் ஆனதால் சட்டென்று பற்றிச் சட்டென்று அடங்கிவிட்டது. ஒரு மனுஷன் எரிகிற நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. பெரியப்பா அழுதார். நிஜமான அழுகைதான், அவருக்கு அண்ணன் மேல் பாசம் உண்டு. அவர் தோளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

அண்ணியின் தாலியைக் கழற்ற, ஊரில் இருக்கும் விதவைகள் கூடி வந்தார்கள். வளையலை உடைக்கவும் பூவை எடுக்கவும் அவர்களுக்கு ஒரு முறை உண்டு, ஓலம் உண்டு. அவர்கள் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவள் தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டுவிட்டாள். வந்தவர்களுக்கு ஏமாற்றம். கல்நெஞ்சுக்காரி என்று போகும்போது பேசிக்கொண்டு போனது என் காதிலும் விழுந்தது.

கருமாதியைக் கடற்கரையில் வைத்தார்கள். பெண்கள் வீட்டிலேயே இருந்துவிடுவது எங்கள் வழக்கம். அவள் வருகிறேன் என்றாள். வெள்ளைச் சேலையில் என் பின்னால் வண்டியில் உட்கார்ந்து வந்தாள். பட்டாளத்து என்ஜின் இருமிக்கொண்டே வந்தது. அன்றைக்கு என்னவோ செயின் ஒரு தடவைகூட விழவில்லை.

பண்டாரம் மணலில் பிண்டம் வைத்து மந்திரம் சொன்னார். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று எள்ளையும் தண்ணீரையும் இறைத்தேன். எதிரே கடல். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் சுமத்ரா. அங்கே எங்கோ ஒரு மனுஷன் காலை இழுத்துக்கொண்டு நடந்துகொண்டிருக்கலாம். அவருக்குத்தான் நான் இறைத்துக்கொண்டிருந்தேன்.

கரையேறியதும் பண்டாரம் அண்ணியின் பக்கம் திரும்பினார். நல்ல மனசோடுதான் சொன்னார். "புள்ள இல்லாதவரு. நீங்களும் ஒரு கை தண்ணி விடுங்கம்மா. அந்நிய மண்ணுல தாகத்தோட போன உயிரு."

அவர் நீட்டிய செம்பை அண்ணி வாங்கவில்லை. கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் அப்பவே குடுத்துட்டேன்" என்றாள். "வயிறு நெறையக் குடிச்சிட்டுத்தான் போனாரு."